ஐடியா கேட்காதீர்கள், முதலில் முரண்பாட்டை எழுதுங்கள்

வேலையிடத்தில் சிக்கல் என்றதும் பத்துப் பேரைக் கூட்டி, "ஆளுக்கொரு ஐடியா சொல்லுங்க" என்பதுதான் வழக்கம். பலகை நிறையும், சிக்கல் அப்படியே நிற்கும். உள்ளே இரண்டு தேவைகள் முட்டிக்கொள்வதை, அதாவது முரண்பாட்டை, யாரும் எழுதிப் பார்க்காததே காரணம். சோவியத் கடற்படையில் காப்புரிமைப் பணியில் இருந்த கென்ரிக் அல்ட்ஷுல்லர் 1946 வாக்கில் இதைத்தான் கவனிக்கத் தொடங்கினார். நல்ல கண்டுபிடிப்புகள் இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து முடிவதில்லை. முட்டலையே இல்லாமல் ஆக்கிவிடுகின்றன. இப்படிச் சிக்கல்களைத் தீர்க்க அவர் வளர்த்த முறைதான் ட்ரிஸ் (TRIZ).

ட்ரிஸ் என்றதும் பலரும் 39 பண்புகளும் 40 கோட்பாடுகளும் கொண்ட அட்டவணையைத்தான் முதலில் திறப்பார்கள். எந்தப் பண்பு எதனோடு முட்டினால் எந்தத் தீர்வுக் கோட்பாட்டை முயலலாம் என்று காட்டுவது அது. அதிலிருந்து தொடங்க வேண்டாம். முரண்பாடு சரியாக எழுதப்படாவிட்டால் அட்டவணை தருவது வெறும் சீட்டுக்குலுக்கல்.

ஒரு கலவைத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். வட்ட மூடி, 8 போல்ட். ஒவ்வொரு முறை கழுவும்போதும் எல்லாவற்றையும் கழற்றி மாட்ட வேண்டும். முரண்பாட்டை இரண்டு திசையிலும் எழுதுங்கள்: போல்ட்டைக் குறைத்தால் சீக்கிரம் திறக்கலாம், ஆனால் கசியும், கூட்டினால் கசியாது, ஆனால் நேரம் போகும். "6 போல்ட் போடலாமே" என்று ஒருவர் சொல்வார். அது சமரசம், ஒதுக்கி வையுங்கள்.

அடுத்து, முட்டல் எந்தப் பொருளில் இருக்கிறதோ அந்த ஒன்றை மட்டும் பிடித்து இன்னும் கூர்மையாக்குங்கள்: போல்ட் மரையில் பிடித்திருக்கவும் வேண்டும், பிடிக்காமல் இருக்கவும் வேண்டும். கேட்கக் கிறுக்குத்தனமாக இருந்தால் சரியாக எழுதியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இப்போது நான்கு கேள்விகள். இரண்டு தேவையும் ஒரே நேரத்திலா? ஒரே இடத்திலா? எல்லா நிலையிலுமா? முழுப் பொருளுக்குமா, ஒரு பகுதிக்கா?

நேரத்தைப் பாருங்கள். போல்ட் 15 சுற்று ஏறினாலும் இறுக்குவது கடைசிச் சுற்றுதான். மீதி 14 சுற்றும் வெறும் பயணம். இடத்தைப் பாருங்கள். போல்ட் உட்காரும் இடம் வழியாகவே மூடி வெளியே வர வேண்டுமா? வேண்டாம். விடை வந்துவிட்டது: மூடியின் துளைகளைப் பேரிக்காய் வடிவில் வெட்டுங்கள். போல்ட்டைக் கழற்றாமல் ஒரு சுற்று தளர்த்தி, மூடியைத் திருப்பி, அகலமான பக்கம் தலைக்கு நேரே வந்ததும் தூக்கிவிடலாம். இயந்திரங்களில் அச்சு (டை) மாற்றும் நேரத்தைக் குறைப்பதில் பெயர்பெற்ற ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ இந்த உத்தியை எடுத்துக்காட்டியிருக்கிறார்.

கெட்டுப்போகும் இடங்களும் உண்டு. எட்டுத் துளையும் ஒரே சுழற்சித் திசையில் இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் மூடி திரும்பாது. கேஸ்கட் (கசிவைத் தடுக்க மூடிக்கு அடியில் வைக்கும் வளையம்) துளைகளுக்கு உட்புறம் அமைய வேண்டும். துளைகளுக்கு அடியிலும் பரவியிருந்தால் நீண்ட துளை வழியே கசிவு வரும். தளர்த்தியது போதாமல் திருப்பினால் கேஸ்கட் கிழியும். குறுகிய பக்கத்தில் போல்ட் தலைக்கு உட்கார இடம் குறைவு, தகட்டில் பதிந்துவிடும். பக்கவாட்டில் செருகும் தடித்த லாட வடிவ வாஷர் போடுங்கள். அழுத்தம் தாங்கும் கலன் என்றால் வடிவமைப்புக்குப் பொறுப்பானவர் ஒப்புதல் இல்லாமல் துளையில் கை வைக்காதீர்கள்.

இதே கேள்விகள் மேசை வேலைக்கும் பொருந்தும். பில்களை மூன்று பேர் பார்த்தால் தவறு குறையும், தாமதமாகும். எல்லாப் பில்லுக்குமா மூன்று பேர்? வழக்கமான சப்ளையர், ஒப்பந்த விலை, சரக்கு வந்த பதிவு மூன்றும் பொருந்தினால் ஒருவர் போதும். பொருந்தாதது மட்டும் மூவரிடம் போகட்டும். நிலையைக் கொண்டு பிரித்தாயிற்று. பில் எண் இல்லாததை வாங்கும்போதே திருப்பி அனுப்புவது அந்த 40இல் 10ஆம் கோட்பாடு, முன்கூட்டியே செய்தல்.

நான்கு கேள்விக்கும் மசியவில்லை என்றால் மட்டும் 40 கோட்பாடுகளுக்குப் போங்கள். அப்போதும் 1 (துண்டாக்கு), 2 (பிரித்தெடு), 13 (தலைகீழாக்கு), 25 (தானே செய்துகொள்ளட்டும்) ஆகியவற்றை முதலில் பாருங்கள். எந்தத் துறையிலும் இவற்றைப் பொருத்திப் பார்ப்பது எளிது.

இதற்காக உட்கார 4 அல்லது 5 பேர் போதும். ஒருவராவது அந்த வேலையைக் கையால் செய்கிறவராக இருக்க வேண்டும். முதல் அரை மணி முரண்பாட்டு வாக்கியத்துக்கு மட்டும். தீர்வு யார் சொன்னாலும் ஓரமாகக் குறித்துவிட்டு நகருங்கள். மேலாளர் கடைசியில் பேசட்டும். முதலில் பேசினால் மற்றவர்கள் அதையே வழிமொழிவார்கள்.

கிடைத்த தீர்வை உடனே இரும்பில் வெட்டாதீர்கள். தடித்த அட்டையில் மூடியின் அளவுக்கு வெட்டி, போல்ட்டின் மேல் வைத்துத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு தீர்வும் அடுத்த முரண்பாட்டைக் கூடவே கொண்டுவரும். இங்கே அது வாஷர்: கழற்ற வேண்டுமானால் தனியாக இருக்க வேண்டும், தொலையாமல் இருக்க வேண்டுமானால் தனியாக இருக்கக் கூடாது. சின்னச் சங்கிலியில் மூடியோடு கட்டிவிடுங்கள்.