காகிதப் பூ: மடிப்பது நீங்கள், மலர்த்துவது அவர்கள்

முதியோர் இல்லத்தில் குழுவாகக் காகிதப் பூ செய்யப் போகிறீர்கள் என்றால், வெட்டுவது, மடிப்பது, கட்டுவது மூன்றையும் முந்தின நாளே முடித்துவிடுங்கள். 6 முதல் 8 டிஷ்யூ தாள்களை அடுக்கி, விசிறி போல மடித்து, நடுவில் நூலால் இறுகக் கட்டி, இரு முனைகளையும் வளைவாக வெட்டி வைத்தால் போதும். இதழ்களை ஒவ்வொன்றாக நடுவை நோக்கி இழுத்து மலர்த்தும் வேலையை அங்குள்ள முதியவர்களிடம் விடுங்கள்.

மூட்டுவலி உள்ள விரல்களுக்குக் கத்தரிக்கோலை அழுத்துவதுதான் பெரும்பாடு. தாளைப் பிரிக்க அந்த அழுத்தம் தேவையில்லை. வெறும் மடிப்பு பூவாக மாறும் அழகான கட்டமும் அதுதான். ஒருவர் வேகமாக, இன்னொருவர் நிதானமாகச் செய்தாலும் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளடிப்பதால் நீலமும் பச்சையும் குழம்பும். அதனால் சிவப்பு, ஆரஞ்சுத் தாள்களாக எடுத்து, மேசையில் வெள்ளைத் துணி விரியுங்கள்.

கை நடுக்கம் அதிகமுள்ளவர்களிடம் டிஷ்யூ கிழிந்துவிடும். அவர்களுக்குச் சற்றுத் தடித்த பேப்பர் நாப்கின் கொடுக்கலாம். மறதிநோயால் கையில் கிடைப்பதை வாயில் வைப்பவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். நன்றாகக் கத்தரிக்கத் தெரிந்தவர்களுக்கும் இது பொருந்தாது. பாதி முடித்த வேலையைக் கொடுத்தால் அவர்களுக்குக் கோபம்தான் வரும். முழுத் தாளையும் கத்தரியையும் கொடுத்துவிடுங்கள்.