வெப்டூபை: மாட்யூலுக்குள் டேட்டாபேஸும் ஷெட்யூலரும்

பைத்தானில் வெப் அப்ளிகேஷன் எழுத உதவும் ஃப்ரேம்வொர்க்கான வெப்டூபையில், கன்ட்ரோலரில் ஒழுங்காக ஓடிய ஃபங்ஷனை மாட்யூல்ஸ் ஃபோல்டருக்கு மாற்றியதுமே, டிபி (டேட்டாபேஸ் இணைப்பு) என்ற பெயரைக் காணோம் என்று நேம்எரர் வரும். மாடல்ஸ் ஃபோல்டரிலுள்ள ஃபைல்களை வெப்டூபை ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் ஓட்டுகிறது. அங்கே பிறக்கும் பெயர்கள் கன்ட்ரோலருக்குத் தானாகத் தெரியும். மாட்யூல் அப்படியல்ல. அது வெறும் பைத்தான் இம்போர்ட்; புராசஸுக்கு ஒருமுறைதான் ஓடும்.

(பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் தருகிறோம். கோடில் ஆங்கில எழுத்திலேயே அடியுங்கள்.)

படி 1. மாடல்ஸில் உள்ள டிபி.பை ஃபைலில், வெப்டூபையின் உள் லைப்ரரியான குளுவானிலிருந்து கரண்டை (நடப்பு ரிக்வெஸ்ட்டுக்கு உரியவற்றை வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்) இம்போர்ட் செய்யுங்கள். டிபி உருவாகும் வரிக்கு அடுத்து இதைச் சேருங்கள்:

கரண்ட்.டிபி = டிபி

ரிக்வெஸ்ட், ரெஸ்பான்ஸ், செஷன் மூன்றையும் கரண்டில் வெப்டூபையே வைத்துவிடும். டிபியை நாம்தான் வைக்க வேண்டும்.

படி 2. மாட்யூலிலும் கரண்டை இம்போர்ட் செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் உள்ளே, முதல் வரியாக:

டிபி = கரண்ட்.டிபி

பலரும் சறுக்குவது இங்கேதான். இதே வரியை ஃபைலின் தலையில் எழுதினால் முதல் ரிக்வெஸ்ட்டில் எல்லாம் சரியாகவே நடக்கும், அதனால்தான் ஏமாந்துபோகிறோம். கரண்ட் என்பது ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனி. தலையில் எழுதிய வரி மறுபடி ஓடாததால், முடிந்துபோன ரிக்வெஸ்ட்டின் டிபியையே மாட்யூல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். ஃபங்ஷனின் டிஃபால்ட் ஆர்குமென்ட்டாகவோ கிளாஸின் நேரடி மாறியாகவோ கரண்ட்.டிபியைக் கொடுத்தாலும் இதே கதிதான். அவையும் இம்போர்ட்டின்போதே கணக்கிடப்படுகின்றன.

படி 3. அடுத்து ஷெட்யூலர், அதாவது வேலைகளை (டாஸ்க்) பின்னணியில் ஓட்டும் வசதி. மாடல்ஸில் ஷெட்யூலர்.பை என்று ஒரு ஃபைல். மாடல்கள் அகரவரிசையில் ஓடுவதால் இது டிபி.பைக்குப் பின்பே வரும். அதில் டிபியையும், டாஸ்க் ஃபங்ஷன்களைப் பெயரோடு அடுக்கிய டிக்ஷனரியையும் கொடுத்து ஷெட்யூலரை உருவாக்கி, கரண்ட்.ஷெட்யூலரில் வையுங்கள். மாட்யூலிலிருந்து கரண்ட்.ஷெட்யூலரின் கியூ_டாஸ்க்கை அழைத்தால் போதும். ஆர்குமென்ட்டுகள் ஜேசனாகச் சேமிக்கப்படும். ஆகவே டேபிளின் ரோவை அப்படியே அனுப்பாமல் அதன் ஐடியை மட்டும் அனுப்புங்கள். டைம்அவுட் சொல்லாவிட்டால் 60 விநாடி, ரிப்பீட்ஸ் 1. முடிவில்லாமல் ஓட ரிப்பீட்ஸ் 0.

படி 4. தனி டெர்மினலில் வெப்டூபை.பையை மைனஸ் பெரிய கே, அப்ளிகேஷன் பெயர் சேர்த்து ஓட்டுங்கள். அதுதான் வொர்க்கர். அது இல்லாவிட்டால் டாஸ்க் ‘கியூட்’ நிலையிலேயே கிடக்கும். வொர்க்கர் ஓடினாலும் டாஸ்க்கை உடனே எடுக்காது. அதன் ஹார்ட்பீட் (வேலை இருக்கிறதா என்று பார்க்கும் இடைவெளி) 3 விநாடி.

டாஸ்க் ‘கம்ப்ளீட்டட்’ என்று காட்டுகிறது, டேபிளில் மாற்றமே இல்லையா? கமிட் (மாற்றங்களை டேட்டாபேஸில் உறுதிசெய்வது) விட்டுப்போயிருக்கும். வெப் ரிக்வெஸ்ட் நல்லபடி முடிந்தால் வெப்டூபையே கமிட் செய்யும், டாஸ்க்கில் டிபி.கமிட்டை நீங்கள் எழுத வேண்டும். எஸ்கியூலைட்டில் கமிட்டைத் தள்ளிப்போட்டால் ‘டேட்டாபேஸ் லாக்’ பிழையும் எட்டிப்பார்க்கும்.

மாட்யூலைத் திருத்தியும் பழைய கோடே ஓடினால், சர்வரை மட்டுமல்ல, வொர்க்கரையும் நிறுத்தித் தொடங்குங்கள்.