எஞ்சின் பிராக்கெட் சோதனை: அதிர்வு அளவை மாடலில் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விசைப்படகு எஞ்சினில் ஆல்டர்னேட்டரையோ டீசல் ஃபில்டரையோ தாங்கும் பிராக்கெட் விரிசல் விட்டால், அதிர்வை அளந்து ஃபைனைட் எலிமென்ட் மாடலில் (பாகத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் கணினி மாடல்) போட்டுப் பார்ப்பது நல்ல வழி. எங்கே, எந்த நிலையில் அளந்தோம் என்பதை மறந்து எண்ணை மட்டும் ஏற்றினால், நல்ல பிராக்கெட் தோற்கும், உடையப்போவது தேறிவிடும்.

அதிகம் கெடுப்பது சென்சார் வைக்கும் இடம். நன்றாக ஆடுவது நுனிதானே என்று அங்கே அளந்துவிட்டு, அதையே மாடலின் போல்ட் துளைகளில் கொடுக்கிறார்கள். நுனியின் அளவில் பிராக்கெட்டின் ஒத்ததிர்வு ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. மாடல் அதை மறுபடி பெருக்கும். டேம்பிங் (அதிர்வை அடக்கும் தன்மை) 2 சதவீதம் என்றால் அந்தப் பெருக்கம் சுமார் 25 மடங்கு. உள்ளீட்டுக்கான சென்சார் எஞ்சின் பிளாக்கில், போல்ட்டை ஒட்டி இருக்கட்டும். நுனியில் இன்னொன்று வையுங்கள். அது மாடலின் விடையைச் சரிபார்க்க மட்டும். பிராக்கெட் பிளாக்கிலும் கியர்பாக்ஸிலும் கால் ஊன்றியிருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். தனித்தனியே அளந்தால் எது முந்துகிறது, எது பிந்துகிறது என்பது தொலைந்து, முறுக்கு மாடலில் தெரியாமலே போகும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் படகுகள் சும்மா நிற்கும். அளக்க வசதி என்று தோன்றும். அப்போது புரொப்பல்லரில் சுமை இல்லை. தொழிலுக்குப் போய் மடி (இழுவலை) இழுக்கும்போது அளந்தால்தான் பிராக்கெட் படும் பாடு தெரியும். ஐடிலிலிருந்து மெதுவாக வேகம் ஏற்றி, ஆர்பிஎம் சிக்னலையும் கூடவே பதியுங்கள். ஆறு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் எரிப்பு அதிர்வு 1500 ஆர்பிஎம்மில் 75 ஹெர்ட்ஸ், 1800-இல் 90. பிராக்கெட்டின் இயல்பு அதிர்வெண் 85 என்றால் 1700-இல் இரண்டும் மோதும். முழுப் பதிவையும் சராசரி எடுத்தால் அந்த உச்சம் கரைந்துவிடும்.

இந்த எஞ்சின் அதிர்வை ராண்டம் (ஒழுங்கில்லாத) அதிர்வாகக் கருதி, ஆர்எம்எஸ் என்ற சராசரி அளவின் மூன்று மடங்கை உச்சமாக எடுப்பதும் தவறு. சைன் அலையின் உச்சம் 1.414 மடங்குதான். எஞ்சின் சுற்று வேகத்தின் மடங்குகளை (ஆர்டர்) ஒவ்வொன்றாகச் சைன் அலையாகப் பார்க்கும் ஹார்மோனிக் பகுப்பாய்வே இங்கே பொருந்தும். முடுக்கத்தை இடப்பெயர்ச்சியாக மாற்றவும் வேண்டாம், தாழ் அதிர்வெண் இரைச்சல் ஊதிப் பெருகும். முடுக்கத்தையே கொடுங்கள். மில்லிமீட்டர், டன், விநாடி அலகில் 1 ஜி (புவியீர்ப்பு முடுக்கம்) என்பது 9810.

டேம்பிங்கை ஊகிக்காதீர்கள். ஃபில்டரில் டீசல் நிரம்பியிருக்கும்போது பிராக்கெட்டைச் சுத்தியலால் தட்டி அளந்துபாருங்கள்: உச்சம் 85 ஹெர்ட்ஸ், அதன் 0.707 உயரத்தில் அகலம் 3.4 ஹெர்ட்ஸ் என்றால் 2 சதவீதம்.

90 ஹெர்ட்ஸில் பிராக்கெட் மணிக்கு 3,24,000 முறை ஆடும். கடல்நீர் படும் சாதாரண எஃகுக்குக் களைப்பு வரம்பு (எத்தனை முறை ஆடினாலும் உடையாத அழுத்த அளவு) என்று ஒன்று கிடையாது. உலர்ந்த காற்றுக்கான எஸ்-என் வளைவை (எவ்வளவு அழுத்தத்தை எத்தனை முறை தாங்கும் என்று காட்டுவது) வைத்து வெல்டு விளிம்பைத் தேற்றிவிடாமல், கடல்நீருக்கான வளைவை எடுங்கள்.