வாய்க்காலோர ஊரு கதையையும் அங்க நடந்த வியாபாரத்தையும் எப்படி தேடி எழுதுறது

கிருஷ்ணகிரி பக்கம் வாய்க்காலை ஒட்டி ஒரு சின்ன ஊரு, அதோட வரலாறு எழுதணும்னா முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, பழைய ரெக்கார்டு எல்லாம் சேலம் பேர்ல தான் இருக்கும். தர்மபுரி தனி மாவட்டம் ஆனது 1965, கிருஷ்ணகிரி பிரிஞ்சது 2004, அதனால 1918ல வந்த சேலம் கெசட்டியர்ல (மாவட்டத்தைப் பத்தி அரசாங்கம் போட்ட விவரப் புத்தகம்) இருந்து ஆரம்பிங்க.

ஆனா கெசட்டியர விட எனக்கு பெருசா உதவுனது வீட்டு ட்ரங்கு பெட்டில இருந்த பழைய கிரயப் பத்திரம் தான். அதுல நான்கெல்லை எழுதியிருப்பாங்க பாருங்க, "வாய்க்காலுக்கு கிழக்கு, செக்குமேட்டுக்கு மேற்கு"ன்னு. எங்க ஊர்ல இப்ப செக்கு இல்ல, மேடும் இல்ல, ஆனா அந்த ஒரு வரில இங்க எண்ணெய் ஆட்டி பொழைச்ச குடும்பங்க இருந்திருக்குன்னு தெரிஞ்சப்ப எனக்கு சிலிர்த்துப் போச்சு.

அடுத்து பெரியவங்க கிட்ட பேசுங்க. எந்த வருஷம்னு கேக்காதீங்க, "தாத்தா, கே.ஆர்.பி. டேம் கட்டுறதுக்கு முன்னாடியா பின்னாடியா"ன்னு கேளுங்க, தென்பெண்ணை ஆத்துல அந்த கிருஷ்ணகிரி அணை 1957ல திறந்தது, அதை வச்சு காலம் பிடிச்சிடலாம். வாய்க்கால் தண்ணி வந்தப்புறம் ராகி வயல் எது நெல்லாச்சு, மாங்கா மண்டிக்கு வண்டி எந்த வழியா போச்சு, சந்தை என்னைக்கு கூடுச்சு, எல்லாத்தையும் போன்ல ரெக்கார்ட் பண்ணிடுங்க.

ஊரு ஓரத்துல நடுகல் இருந்தா போட்டோ எடுங்க, சாயங்கால வெயில் சாய்வா விழும்போது எழுத்து நல்லா தெரியும். சுண்ணாம்பு, பவுடர் எதுவும் தேய்ச்சிடாதீங்க, கல்லு பாழாயிடும்.