கார் கோபியில், அம்பு கோயமுத்தூரில்: ரிப்பேருக்குப் பிறகு நேவிகேஷன் படுத்தால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் கோபிச்செட்டிபாளையத்தில், மச்சான் வீட்டு வாசலில் நிற்கிறது. திரையில் இருக்கும் அம்புக்குறி மட்டும் கோயமுத்தூர் அவிநாசி ரோட்டில், சர்வீஸ் சென்டருக்குள்ளேயே நிற்கிறது. நடுவில் 70, 80 கிலோமீட்டர். ஏசி கூலிங் காயில் ஒழுகுகிறது என்று டேஷ்போர்டை முழுசாகக் கழற்றி மாட்டி, மூன்றாம் நாள் டெலிவரி கொடுத்திருந்தார்கள். “மாப்ள, ஏசி ஜிலுஜிலுன்னு வருதுங்க. மேப்புதான் அசையவே மாட்டீங்குது” என்று வாட்ஸப்பில் படம் அனுப்பினார். சாயங்காலம் நான் போய்ச் சேர்வதற்குள் செய்யக்கூடாதது அத்தனையும் செய்து முடித்திருந்தார். குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் பழைய காரில் நானும் அதையேதான் செய்தேன்.

முதல் காரியமாக அவர் அமுக்கியது ஃபேக்டரி ரீசெட். எல்லோர் கையும் முதலில் அங்கேதான் போகிறது. நான் பார்த்தபோது அம்பு டெல்லியில் இருந்தது. டேஷ்போர்டுத் திரையோடு சேர்ந்த செட்டில் கம்பெனி வைத்திருந்த ஆரம்ப இடம் அதுவாம். கழன்று கிடக்கும் ஒரு வயரை ரீசெட்டால் மாட்ட முடியாது. ஆனால் சேமித்து வைத்த இடங்கள், ஜோடி சேர்த்த போன்கள், கடைசியாக அம்பு எங்கே நின்றது என்ற தடயம் எல்லாவற்றையும் அது துடைத்துவிடும். அந்த வாட்ஸப் படம் மட்டும் இல்லையென்றால், சர்வீஸ் சென்டரில் பேட்டரியைக் கழற்றிய இடத்திலேயே அம்பு உறைந்து போயிருந்தது என்று சொல்ல எங்களிடம் சாட்சியே இருந்திருக்காது. எதைத் தொடுவதற்கு முன்பும் திரையைப் படம் எடுங்கள். வரைபடம், தேதி நேரம், சாஃப்ட்வேர் எண், முக்கியமாக சேட்டிலைட் எண்ணிக்கை காட்டும் பக்கம். பல கார்களில் செட்டிங்குக்குள் ஜி.பி.எஸ். தகவல் என்றோ சிஸ்டம் தகவல் என்றோ அது ஒளிந்திருக்கும்.

அந்தப் பக்கத்தை எங்கே நின்று பார்க்கிறோம் என்பதில் அடுத்த தவறு நடக்கிறது. சர்வீஸ் சென்டரில் தகரக் கூரைக்கு அடியில் நின்றுகொண்டு “சிக்னல் இல்லைங்களே” என்போம். “ஷெட்டுக்குள்ள கெடைக்காதுங்க, ரோட்டுக்குப் போனா தானா வந்துரும்” என்பார் அட்வைசர். அவர் சொல்வதில் பாதி உண்மை. ஜி.பி.எஸ். சேட்டிலைட்டுகள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் மிக மெலிசு, தகரத்தைத் தாண்டாது. இடம், உயரம் இரண்டும் தெரிய குறைந்தது நான்கு சேட்டிலைட்டாவது கண்ணில் பட வேண்டும். பேட்டரி டெர்மினலைக் கழற்றியிருந்தால் சில செட்டுகள் எந்த சேட்டிலைட் எங்கே இருக்கும் என்ற பஞ்சாங்கத்தையே மறந்துவிடும். அது முழுசாக மறுபடி இறங்க 12.5 நிமிஷம் ஆகும். அதனால் மரம், கட்டடம் இல்லாத வெட்டவெளியில் வண்டியை நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, 20 நிமிஷம் பொறுங்கள்.

மீதிப் பாதியில்தான் நாம் ஏமாறுகிறோம். 20 நிமிஷம் கழித்தும் எண்ணிக்கை 0 என்றே இருந்தால் அது தானாக வராது. “ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க” என்பதற்குத் தலையாட்டிவிட்டு வந்தால், அந்த ஒரு வாரம் நமக்கு எதிராகத்தான் போகும். மச்சான் வேப்பமரத்தடியிலும் போர்ட்டிகோவிலும் சோதித்துக்கொண்டிருந்தார். வண்டியை ஊருக்கு வெளியே, அறுப்பு முடிந்த நெல் வயலோரம் கொண்டுபோய் நிறுத்தினோம். அரை மணி நேரம் ஆயிற்று. 0.

நேவிகேஷன் போச்சு என்று ஒரே சொல்லில் சொல்வதால் பாதிக் குழப்பம். கார் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருப்பது ஒரு கோளாறு. ஆன்டெனா, அதன் வயர், செட்டின் ரிசீவர் மூன்றும் அதில் சேர்த்தி. இடம் தெரிந்தும் வரைபடம் இல்லாமல் வெறும் வெள்ளைத் திரை வருவது வேறு கோளாறு. அது வரைபடத்தைச் சேமித்து வைத்திருக்கும் மெமரி கார்டு சம்பந்தப்பட்டது. இரண்டும் இருந்தும் நேவிகேஷன் பட்டனே காணாமல் போவதோ, சந்தா இல்லை, ஆக்டிவேட் செய்யவும் என்று வருவதோ மூன்றாவது ரகம். அனுமதிக் கோளாறு. இதில் எது என்று தெரியாமல் சர்வீஸ் சென்டருக்குப் போனால், “ஹெட் யூனிட் (செட்டைத்தான் அப்படிச் சொல்வார்கள்) போயிருச்சுங்க, மாத்தணும்” என்ற பதிலைத்தான் வாங்கி வருவீர்கள். செட்டின் விலையைக் கேட்டால் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டியிருக்கும்.

ரிப்பேருக்கு முன்னால் ஓடியது, பின்னால் ஓடவில்லை என்றால் முதலில் அவர்கள் கை பட்ட இடத்தைத் தேட வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் அடித்துச் சொல்வது இந்த ஒன்றைத்தான். பில்லில் என்னென்ன கழற்றி மாட்டியதாக எழுதியிருக்கிறது என்று பாருங்கள். டேஷ்போர்டு கழன்றிருந்தால் செட்டின் பின்பக்கம் போகும் ஆன்டெனா பிளக்கைச் சந்தேகப்பட வேண்டும். சில மாடல்களில் தீப்பெட்டி அளவு ஜி.பி.எஸ். ஆன்டெனா டேஷ்போர்டுக்கு அடியிலேயே ஒட்டியிருக்கும். திரும்ப மாட்டும்போது அதைக் குப்புறவோ, குறுக்கே போகும் இரும்புச் சட்டத்துக்குக் கீழேயோ விட்டுவிட்டால் வானம் அதன் கண்ணுக்குத் தெரியாது. டிங்கரிங், பெயிண்டிங் முடிந்து வந்த கார் என்றால் கூரை மேல் சுறாத் துடுப்பு போல நிற்கும் ஷார்க் ஃபின் ஆன்டெனாவைக் கழற்றித்தான் பெயிண்ட் அடித்திருப்பார்கள். நட்டு சரியாக இறுகாமல், அடி ரப்பர் நகர்ந்திருந்தால் தண்ணீர் இறங்கும். வெயில் காலத்தில் நன்றாக ஓடி, ஐப்பசி மழை பிடித்ததும் செத்துப்போகும் நேவிகேஷனுக்கு இது ஒரு முக்கியக் காரணம். முன் கண்ணாடி மாற்றியிருந்தால், பழைய கண்ணாடியும் புதுசும் ஒரே ரகமா என்று கேளுங்கள். வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடி, டேஷ்போர்டில் இருக்கும் ஆன்டெனாவுக்குச் சிக்னலை மறைக்கும். புதிதாக டேஷ் கேமரா மாட்டியிருந்தால் அதன் வயரை உருவிவிட்டு ஒருமுறை பாருங்கள். மலிவான கேமராவும் யூ.எஸ்.பி. சார்ஜரும் கிளப்பும் இரைச்சலில் ஜி.பி.எஸ். திணறுவது சாதாரணம்.

இதைப் படித்துவிட்டு நீங்களே டேஷ்போர்டைப் பிரிக்காதீர்கள். பயணி பக்க ஏர்பேக் அங்கேதான் இருக்கிறது. மஞ்சள் நிற உறை போட்ட வயரும் பிளக்கும் அதனுடையவை, நம் கைக்கானவை இல்லை.

அம்பு நகர்கிறது, ஆனால் தப்பான இடத்தில் நகர்கிறது என்பது தனிக்கதை. பல கார்களில் செட்டுக்குள்ளேயே திருப்பத்தை உணரும் கைரோ இருக்கும், சக்கர வேகத்தையும் அது வாங்கிக்கொள்ளும். சிக்னல் இல்லாவிட்டாலும் இந்த இரண்டையும் வைத்துக் குத்துமதிப்பாக அம்பை நகர்த்தும். ஆன்டெனா வயர் கழன்ற காரில் “கருமத்தம்பட்டி வரைக்கும் நல்லாத்தான் வந்துச்சுங்க, அப்பறம் காட்டுக்குள்ள போயிருச்சு” என்று சொல்வார்கள். அது நன்றாக வரவில்லை, கண்ணைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. மச்சான் காரில் அந்த வசதி இல்லாததால் நட்ட கல்லாக நின்றது. ஒரு விதத்தில் நல்லது, கோளாறு உடனே தெரிந்தது. செட்டையோ சக்கர சென்சாரையோ மாற்றிய பிறகு இந்தக் கணக்கு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். அதைத் திம்பம் மலைப் பாதையில் சோதிக்காதீர்கள். அந்த 27 கொண்டை ஊசி வளைவில், ஒரு பக்கம் பாறை மறைக்கும்போது நல்ல காரின் அம்பும் குதிக்கும்.

வரைபடம் பழசாக இருப்பதையும் கோளாறோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் ஜி.டி. நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில்தான் திறந்தது. அதற்கு முந்தைய வரைபடம் உள்ள காரில் பாலத்தின் மேல் போகும்போது, லட்சுமி மில்ஸ் பக்கம் இடது திரும்பு என்று அது கூசாமல் சொல்லும். அந்தப் பழியை ரிப்பேர் பார்த்தவர் தலையில் கட்டக்கூடாது. வரைபடத்தைப் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுவதும் உண்டு. ஜி.பி.எஸ். வாரங்களை 1024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கடைசியாக 2019 ஏப்ரலில் அப்படி நடந்தது. பழைய செட்டுகள் சில இந்தக் கணக்கில் இடறி விழும். 2022 ஜனவரியில் ஹோண்டாவின் பழைய நேவிகேஷன் கார்கள் பலவற்றில் கடிகாரம் 2002-க்குத் திரும்பிப் போனது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. தேதி இருபது வருஷம் பின்னால் காட்டினால் ஆன்டெனாவைத் தேடிப் பயனில்லை. நேவிகேஷன் சந்தா ரிப்பேர் நடந்த அதே மாதம் முடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

போனை வைத்துச் சோதிக்கும்போதும் ஒரு வழுக்கல் உண்டு. போனை காரோடு இணைத்ததும், சில கார்களில் போன் தன் ஜி.பி.எஸ்.ஸை விட்டுவிட்டு காரின் ஜி.பி.எஸ்.ஸை எடுத்துக்கொள்ளும். கார் ஆன்டெனா செத்திருந்தால் போன் மேப்பும் உளறும். உடனே “போனும் கெட்டுப்போச்சு” என்று காந்திபுரத்தில் போன் கடை ஏறியவர்களை எனக்குத் தெரியும். இணைப்பைத் துண்டித்துவிட்டு போனைத் தனியாகப் பாருங்கள். தனியாகச் சரி, காரோடு சேர்ந்தால் தப்பு என்றால் பழுது காரில் என்பது உறுதி.

மெமரி கார்டு விஷயத்தில் சுருக்கமாக இரண்டு. வேலை செய்யும்போது கார்டை உருவி வைத்துவிட்டு மாட்ட மறப்பது நடக்கிறது, முதலில் கையுறைப் பெட்டியைப் பாருங்கள். கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் நகல் கார்டை வாங்காதீர்கள். பல கம்பெனிகள் கார்டை அந்தந்தச் செட்டோடு பூட்டி வைத்திருக்கின்றன. செட்டையே மாற்றியவர்கள் பழைய கார்டு புதுச் செட்டில் ஓடுமா, வண்டியின் சேஸிஸ் எண்ணைப் புதுச் செட்டுக்குச் சொல்லிக்கொடுத்தார்களா என்று டெலிவரிக்கு முன்னாலேயே கேட்க வேண்டும். சில கம்பெனி கார்களில் இதைச் சர்வரோடு இணைத்துத்தான் செய்ய முடியும். வேறொரு காரில் கழற்றிய செட்டை மலிவாகப் போட்டுத் தருகிறேன் என்றால் கும்பிட்டு விலகுங்கள்.

இனி பேச்சு விவகாரம். நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு குணம். முகத்துக்கு நேரே குறை சொல்லக் கூச்சம். “பரவால்லீங்க, அடுத்த சர்வீஸுக்குப் பாத்துக்கலாமுங்” என்று சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். மச்சானும் அதைத்தான் செய்தார். அடுத்த சர்வீஸ் ஆறு மாதம் கழித்து. அதற்குள் அவர் உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டி, அவர் ஒரு வயரைச் சீவிப் பார்த்திருந்தால், வெளி ஆள் கை வைத்துவிட்டார் என்று சர்வீஸ் சென்டர் கழன்றுகொள்ளும். நல்ல வேளை, அந்த ஒன்றை மட்டும் அவர் செய்யவில்லை.

திரும்பப் போகும்போது, பழுதைக் குறித்துக்கொள்ளும் ஜாப் கார்டில் என்ன எழுத வைக்கிறீர்கள் என்பதில் பாதி வேலை முடிந்துவிடும். ‘நேவிகேஷன் சரியில்லை’ என்று எழுதினால் ரீசெட் செய்து கொடுப்பார்கள். நாங்கள் எழுத வைத்தது இப்படி: “டேஷ்போர்டு கழற்றி மாட்டிய நாளிலிருந்து ஜி.பி.எஸ். இல்லை. வெட்டவெளியில் 30 நிமிடம், சேட்டிலைட் எண்ணிக்கை 0. ஆன்டெனா இணைப்பைப் பார்க்கவும்.” செட்டை மாற்றச் சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். ஆன்டெனா பிளக்கில் வோல்ட் அளந்தீர்களா? கூரையிலோ டேஷ்போர்டிலோ இருக்கும் ஆன்டெனாவுக்குச் செட்டிலிருந்தே அதே வயர் வழியாக மின்சாரம் போகிறது, பெரும்பாலும் 3-லிருந்து 5 வோல்ட்டுக்குள். வேறொரு நல்ல ஆன்டெனாவைச் செருகிப் பார்த்தீர்களா? செருகியதும் எண் ஏறினால் செட்டுக்கு ஒன்றுமில்லை. தங்கள் வேலையால் வந்த பழுதுக்கே மறுபடி பணம் கேட்டு அடம்பிடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். பில், ஜாப் கார்டு, படங்கள் மூன்றும் கையில் இருந்தால் பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது.

எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை. சின்ன வயசுப் பையன் ஒருவன் வந்தான். வண்டியை ஷெட்டுக்கு வெளியே எடுக்கச் சொன்னான், அதிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. செட்டை முன்னால் இழுத்து டார்ச் அடித்தான். பின்னால் நிறம் நிறமாகப் பிளக்குகள். ஜி.பி.எஸ்.ஸுக்கு நீலம். அது தன் ஓட்டையில்தான் உட்கார்ந்திருந்தது, பார்த்தால் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். கட்டைவிரலால் அமுக்கினான். டிக் என்று ஒரு சத்தம். சேட்டிலைட் பக்கம் கொஞ்ச நேரம் 0 என்றே இருந்தது. பிறகு 3. மச்சான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். 7. டெல்லியிலிருந்த அம்பு ஒரே தாவில் அவிநாசி ரோட்டுக்கு வந்து சேர்ந்தது. பணம் வாங்கவில்லை.

ரீசெட்டில் போனவை மட்டும் போனவைதான். தோட்டத்துக்குப் பிரியும் இட்டேரியின், அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் தடத்தின் முனையில் அவர் ஒரு புள்ளி வைத்திருந்தார். எந்த மேப்பிலும் அந்தத் தடம் கிடையாது. நோம்பிக்கு (பண்டிகைக்கு) வரும் ஒரம்பரைக்கெல்லாம் (உறவினருக்கெல்லாம்) அந்தப் புள்ளியைத்தான் அனுப்புவார். போன வாரம் கேட்டேன், மறுபடி வைத்தாயிற்றா என்று. “இன்னும் இல்லீங் மாப்ள, அந்தப் பக்கம் போறப்ப மறந்து போயிருது” என்றார்.