மலை மேல இருக்கற அரசுப் பள்ளி, ஆஸ்பத்திரியில கரண்ட் மிச்சம் பண்றப்ப செய்யக்கூடாத தப்புங்க

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் இருக்கற அரசுப் பள்ளியிலயோ ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ கரண்ட் பில்லைக் குறைக்கணும்னு கிளம்பறவங்க, கீழ சமவெளியில என்ன செஞ்சாங்களோ அதே லிஸ்ட்டை அப்படியே மேல தூக்கிட்டு வந்துடறாங்க. பெரிய தப்பே அதுதான், மத்த தப்புல பாதி அதுல இருந்துதான் வருது.

மதுரை, திருச்சியில பிரச்சனை வெக்கை. கூரைக்கு வெள்ளை பெயிண்ட் அடிச்சா உள்ள சூடு குறையும், பேனை மாத்தினா பில்லு குறையும், அங்க அது சரி. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல இருக்கு, இங்க கூரையில விழற வெயில்தான் காசில்லாம கிடைக்கற சூடு, அதை வெள்ளை அடிச்சுத் திருப்பி அனுப்பக் கூடாதுங்க. கரண்ட் கம்மியா இழுக்கற 30 வாட் பிஎல்டிசி பேன் நல்ல பொருள்தான், ஆனா புள்ளைங்க ஸ்வெட்டரோட உக்கார்ற கிளாஸ்ல அதுக்குப் பணம் போடறது வீண். கூடலூர், பந்தலூர் வேற, அதெல்லாம் 1,000 மீட்டர் வாக்குலதான் இருக்கு, அங்க பேன் வேணும். ஒரே மாவட்டம்னு ஒரே எஸ்டிமேட் போடாதீங்க.

அடுத்தது, டியூப் லைட்டை மட்டும் மாத்திட்டு வேலை முடிஞ்சுதுன்னு விட்டுடறது. பழைய 40 வாட் டியூப் சோக்கோட சேர்த்து 50 வாட்டுக்கு மேல இழுக்கும், எல்இடி 20 வாட், கண்டிப்பா மாத்தணும். ஆனா கணக்கு போட்டுப் பாருங்க, 2,000 வாட் ரூம் ஹீட்டர் 5 மணி நேரம் ஓடினா 10 யூனிட், அதே 10 யூனிட்டுல 20 வாட் எல்இடி 100 லைட்டை 5 மணி நேரம் எரிக்கலாம். அப்ப மொதல்ல கை வைக்க வேண்டியது ஹீட்டர்லயும் கீசர்லயும்தானே.

ஹீட்டர் ஏன் நாள் பூரா ஓடுதுன்னா சூடு உள்ள நிக்க மாட்டேங்குது. ஷீட் கூரைக்கும் செவுத்துக்கும் நடுவுல கை நுழையற சந்து, மழையில ஊதி கோடையில சுருங்கின மர ஜன்னல் எப்படிச் சாத்தினாலும் ஒரு ஓரம் தூக்கிட்டு நிக்கும், கதவுக்கு அடியில ரெண்டு விரல் இடைவெளி, இத்தனையையும் வச்சுக்கிட்டு புது ஹீட்டர் வாங்கறாங்க. சூடு மேல ஏறி ஷீட் வழியாவே போயிடும். அதனால ஷீட்டுக்கு அடியில சீலிங் போடறதுக்கும், ஜன்னல் சட்டத்துக்கு ஃபோம் டேப் ஒட்டறதுக்கும்தான் மொத பணம் போகணும். உடைஞ்ச கண்ணாடிக்கு அட்டை வச்சு அடைச்சுட்டு பகல் 11 மணிக்கு லைட் போட்டு பாடம் நடத்தற கிளாஸை எல்லாம் பாக்கறப்ப மனசு கஷ்டமா இருக்கு, ஒரு கண்ணாடி மாத்தினா வெளிச்சமும் வரும் குளிரும் நிக்கும்.

அதுக்காக ரூமையே காத்து புகாம அடைச்சுடாதீங்க, இது எதிர்ப்பக்கத் தப்பு. ஆஸ்பத்திரியில நோயாளிங்க காத்திருக்கற ஓபி ஹால்ல இருமிக்கிட்டு உக்கார்றவங்கள்ல யாருக்கு டிபி இருக்குன்னு தெரியாது, அங்க காத்தோட்டம் இருந்தே ஆகணும். கிளாஸ்லயும் இன்டர்வெல்ல ஜன்னலைத் திறந்து விடணும், இல்லன்னா செவுரு வேர்த்து பூஞ்சை பிடிக்கும். நைட் டியூட்டியில குளிருக்கு கரி அடுப்பை உள்ள வச்சுக் கதவைச் சாத்தறது மட்டும் எந்தக் காரணத்துக்கும் கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிடும்.

சுடுதண்ணி விஷயத்துல சோலார் நல்ல வழி, ஆனா எந்த சோலார்னு பாக்காம டெண்டர் விடறாங்க. டிசம்பர், ஜனவரியில ஊட்டிக்குப் பக்கத்துல தலைகுந்தாவுல உறைபனி விழறது எல்லாருக்கும் தெரியும், அந்த மாதிரி இடத்துல தட்டைப் பலகை மாதிரி இருக்கற சாதாரண ஃப்ளாட் பிளேட் சோலார் போட்டா உள்ள இருக்கற தண்ணி உறைஞ்சு குழாய் வெடிக்கும். கண்ணாடிக் குழாய் வச்ச டைப் அந்தக் குளிரைத் தாங்கும். தென்மேற்குப் பருவமழையில நீலகிரியில வெயிலே வராத நாள் நிறைய, கொடைக்கானலுக்கு அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை மழை, அப்ப கரண்ட்ல தண்ணியைச் சூடு பண்ற பேக்கப் காயில் வேணும்தான், ஆனா அதை 24 மணி நேரமும் ஆன்ல விட்டா ராத்திரி பூரா டேங்க்கை கரண்ட்தான் சூடு பண்ணும், சோலார் போட்டதுக்கே அர்த்தமில்லாம போயிடும். டைமர் போட்டு விடியக்காலையில மட்டும் ஓட விடுங்க. தெர்மோஸ்டாட் 60 டிகிரி போதும், அதுக்குக் கீழயும் இறக்க வேணாம், வெதுவெதுப்பா தேங்கற தண்ணியில கிருமி வளரும். வெளிய ஓடற பைப்புக்கு இன்சுலேஷன் சுத்துங்க.

சத்துணவு, காலை உணவு சமைக்கற இடத்தை யாருமே கணக்குல எடுக்கறதில்ல. ஊட்டி உயரத்துல தண்ணி 92, 93 டிகிரியிலயே கொதிச்சுடும், அதனால திறந்த பாத்திரத்துல பருப்பு வேக ரொம்ப நேரம் ஆகும், கேஸ் கூட செலவாகும். பெரிய பிரஷர் குக்கர் வாங்கிக் கொடுத்தா, பருப்பை ஊற வச்சா, சமைக்கற அக்காகிட்ட "கேஸைப் பாத்து செலவு பண்ணுங்க"ன்னு சொல்லவே வேண்டியதில்ல.

ஆஸ்பத்திரியில தொடவே கூடாதது ரெண்டு இருக்கு. தடுப்பூசி வைக்கற ஐஎல்ஆர் ஃப்ரிட்ஜ் 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், குளிர் ஊர்தானேன்னு ராத்திரி ஆஃப் பண்ணவும் கூடாது, வேற எதையாவது செருகறதுக்காக அதோட பிளக்கைக் கழட்டவும் கூடாது. குழந்தைங்களுக்குப் போடற பென்டாவேலன்ட் மாதிரி தடுப்பூசி மருந்து ஒரு தடவை உறைஞ்சா வீண்தான், அதனால சூடு மட்டும் இல்ல, ரொம்பக் குளிர்ந்து போகுதான்னும் தெர்மாமீட்டரைப் பாக்கணும். இன்னொண்ணு லேபர் ரூம், அங்க 25 டிகிரிக்குக் குறையக் கூடாது, பொறந்த குழந்தை சீக்கிரம் சில்லிட்டுப் போயிடும். மிச்சம் பண்றது வராந்தாவுல பண்ணுங்க, ஆபீஸ் ரூம்ல பண்ணுங்க, அங்க வேணாம்.

கடைசியா, பில்லு வர்ற வரைக்கும் மீட்டர் பக்கமே போகாம இருக்கறது. சாயந்திரம் பூட்டறப்ப ரீடிங் எழுதுங்க, காலையில திறந்ததும் மறுபடி எழுதுங்க, ஒரு வாரம் போதும். ஆளே இல்லாத ராத்திரியில ஸ்கூல் மீட்டர் 5, 6 யூனிட் ஓடியிருந்தா எங்கயோ கீசரோ மோட்டாரோ ஓடிக்கிட்டு இருக்கு, மெயின் போர்டுல ஒவ்வொரு ரூமுக்கும் இருக்கற எம்சிபி சுவிட்சை ஒண்ணொண்ணா இறக்கிப் பாத்தா எதுன்னு தெரிஞ்சுடும்.