மழைக்கால ரேடியோ: நெல்லைச் சீமை வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 டிசம்பர் 17, மார்கழி பிறந்த நாள். மறுநாள் காலை 8.30 மணிக்குக் கணக்கெடுத்தபோது காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ. மழை பதிவாகியிருந்தது. கரண்ட் இல்லை. செல்போன் கோபுரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அணையிலிருந்து எவ்வளவு தண்ணீர் திறந்திருக்கிறார்கள், எந்தப் பாலம் மூழ்கியது, எந்தப் பள்ளிக்கூடத்தில் முகாம் என்று தெரிந்துகொள்ள வழியில்லாமல் ஆற்றங்கரை ஊர்கள் இருட்டில் கிடந்தன. இரண்டு பேட்டரிக் கட்டை போட்ட சின்ன ரேடியோவுக்கு அப்படிப்பட்ட வேளையில்தான் வேலை. ஆனால் தவறான செட்டை வாங்கினாலோ, நல்ல செட்டைத் தவறாக வைத்தாலோ அந்த வேளையில் அது வாய் திறக்காது.

அமெரிக்கப் பட்டனை நம்புவது

ஆன்லைனில் “வெதர் அலர்ட் ரேடியோ” என்று தேடினால் கைப்பிடியும் சோலார் தகடும் டார்ச்சும் வைத்த செட்கள் வரிசையாக வரும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் இதையே வாங்கி அனுப்புகிறார்கள். அதில் டபிள்யூபி என்றொரு அலைவரிசையும் அலர்ட் என்றொரு பட்டனும் இருக்கும். அந்த வசதி அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் உரியது. அங்கே வானிலைக்கென்றே 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைகளில் இரவும் பகலும் ஒலிபரப்பு நடக்கிறது. ஆபத்து வந்தால் 1050 ஹெர்ட்ஸ் ஓசை ஒன்றை அனுப்புவார்கள். அதைக் கேட்டதும் அணைந்து கிடக்கும் ரேடியோ தானே விழித்து அலறும். நம் நாட்டில் அப்படி ஒரு ஒலிபரப்பு இல்லை. பாளையங்கோட்டையில் அந்தப் பட்டனை அழுத்தினால் இரைச்சல்தான் வரும். அலர்ட் பட்டனை அமுக்கியே வைத்திருந்தால் செட் உள்ளுக்குள் ஓயாமல் காத்துக்கொண்டிருக்கும்; சில நாளில் கட்டை தீர்ந்துவிடும்.

செட்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அதிலுள்ள எஃப்எம்மும் மத்திய அலையும் (மீடியம் வேவ்; செட்டில் ஏஎம் அல்லது எம்டபிள்யூ என்றிருக்கும்) இங்கே உதவும். மத்திய அலைக்கு மட்டும் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். அமெரிக்காவில் மத்திய அலை நிலையங்கள் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, இந்தியாவில் 9. ஆகாசவாணி திருநெல்வேலி நிலையத்தின் அலைவரிசை 1197 கிலோஹெர்ட்ஸ். எண் காட்டும் டிஜிட்டல் செட் பத்துப் பத்தாகத் தாவினால் 1190-இல் நிற்கும், இல்லையென்றால் 1200-க்குப் போய்விடும். 1200-இல் குரல் கரகரத்துக் கேட்கும். “இங்கே சிக்னல் இல்லை” என்று முடிவு கட்டிவிடுவோம். பெரும்பாலான செட்களில் ரேடியோவை அணைத்துவிட்டு ஒரு பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் இடைவெளி 9-க்கு மாறும். எந்தப் பட்டன் என்பது கூடவே வரும் தாளில் இருக்கும். மாறியதா என்று பார்க்க 1197-இல் நிறுத்தி மேலே ஒரு தடவை தட்டுங்கள், 1206 வரவேண்டும். முன்பு சேமித்த நிலையங்கள் இதில் அழிந்துபோகலாம், மறுபடி சேமித்துக்கொள்ளுங்கள். முள் நகரும் பழைய மாதிரி செட்டுக்கு இந்தத் தொந்தரவே கிடையாது. புதிதாக வாங்குபவர்களுக்கு எங்கள் பரிந்துரை அதுதான்: மத்திய அலையும் எஃப்எம்மும் எடுக்கிற, கடையில் கிடைக்கும் சாதாரணக் கட்டையில் ஓடுகிற, முள் வைத்த செட்.

போனில் வானொலிச் செயலி இருக்கிறதே என்பார்கள். அது இணையத்தில் வருவது. கோபுரம் ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்துவிடும்.

ஏரியலை நீட்டி மத்திய அலை பிடிப்பது

வெளியே நீளும் கம்பி எஃப்எம்முக்கும் சிற்றலைக்கும்தான். மத்திய அலையைப் பிடிப்பது செட்டுக்குள் படுக்கையாக இருக்கும் ஃபெரைட் தண்டு. அதன் நீளப் பக்கம் நிலையத்தைப் பார்த்திருந்தால் ஒலி நன்றாக வரும்; முனை நிலையத்தைப் பார்த்திருந்தால் மங்கிவிடும். ஆகவே கம்பியை நீட்டுவதால் ஒன்றும் ஆகாது. ரேடியோவை மேசையில் வைத்து மெதுவாகக் கால்வட்டம் திருப்பிப் பாருங்கள். தெளிவாகக் கேட்கும் திசையைக் கண்டதும் அலமாரித் தட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். இருட்டில் தடவிக்கொண்டிருக்க வேண்டியிராது.

வீட்டுக் கூடமான பட்டாசலின் நடுவில், இரும்பு பீரோவின் மேல், கான்கிரீட் சுவரை ஒட்டி வைத்தால் பாதி சிக்னல் செத்துவிடும். ஓட்டு வீட்டில் இந்தக் கவலை குறைவு. கான்கிரீட் வீட்டில் ஜன்னலோரமோ முன்தாழ்வாரமான தார்சாவோதான் நல்ல இடம். சாரல் அடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரிய எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மலிவான எல்இடி பல்பு, போன் சார்ஜர், டிவி பெட்டி, எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாமே மத்திய அலையில் இரைச்சல் போடும். நிலையத்தின் மேல் குறை சொல்வதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கட்டையில் ரேடியோவை ஓடவிட்டு மெயின் ஸ்விட்சை அணையுங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி உங்கள் வீட்டுச் சாமான்தான். மெயினைப் போட்டு ஒவ்வொன்றாக ஏற்றினால் எது என்று தெரிந்துவிடும். கரண்ட் போன நேரத்தில் மீதமிருக்கும் எதிரி இன்வெர்ட்டர்; சதுர அலை இன்வெர்ட்டராக இருந்தால் குரலே கேட்காது. ரேடியோவை அதிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி வையுங்கள், செய்தி நேரத்தில் இன்வெர்ட்டரைப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். கட்டைக்குப் பதிலாகக் கரண்டில் செருகும் எலிமினேட்டரில் ஓட்டினாலும் உறுமல் வரும். மழைக்காலத்தில் கட்டைதான் சரி.

எஃப்எம்மின் குணம் வேறு. மலை மறைத்தால் வராது. பாபநாசம், மணிமுத்தாறு அடிவாரத்தில் ஒரு தெருவில் கேட்பது அடுத்த தெருவில் கேட்காது. கொடைக்கானல் 100.5 உயரத்திலிருந்து வருவதால் நம் பக்கத்திலும் முயன்று பார்க்கலாம். வள்ளியூர், பணகுடிப் பக்கத்தார் நாகர்கோவில் 101-ஐயும் பாருங்கள். மத்திய அலை தரையை ஒட்டி மலையைச் சுற்றியும் வரும். ஆனால் இருட்டிய பிறகு தொலைதூர நிலையங்கள் வந்து கலந்துகொள்ளும். அதனால் பகலில் மட்டும் சோதித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இரவு எட்டு மணிக்கும் ஒருமுறை போட்டுக் கேளுங்கள்.

சிக்னல் மங்கலான ஊர்களில் ஏழெட்டு மீட்டர் உறை போட்ட ஒயரை எடுத்து, ஒரு முனையைச் செட்டின் உடம்பில் நாலு சுற்றுச் சுற்றி, மறுமுனையை ஜன்னல் வழியாக நீளவிட்டால் மத்திய அலை கொஞ்சம் தேறும். மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்க் கம்பத்தில் கட்டக் கூடாது. இடி முழங்கும்போது அந்த ஒயரை முதலில் கழற்றிவிட வேண்டும். மத்திய அலையில் திடீர் திடீரென்று படபடவென வெடிப்பது மின்னல்தான். வெடிப்பு நெருங்கி நெருங்கி வந்தால் இடி பக்கத்தில் வருகிறது என்று பொருள்.

கட்டையைச் செட்டுக்குள்ளேயே விட்டுவைப்பது

ஆனியில் போட்ட கட்டை ஐப்பசியில் கசிந்திருக்கும். ஸ்பிரிங்கில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்து, புதுக் கட்டை போட்டாலும் ரேடியோ பேசாது. கட்டையை வெளியே எடுத்து, தேதி எழுதி, மூடியுள்ள டப்பாவில் செட்டின் பக்கத்திலேயே வையுங்கள். அல்கலைன் கட்டை கசிந்திருந்தால் பஞ்சில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து, உலரவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பழசும் புதுசும் கலந்து போடாதீர்கள். பலவீனமான கட்டையைப் பலமுள்ளது இழுத்துத் தீர்த்துவிடும், கசிவதும் அதுதான். சார்ஜ் ஏற்றும் சாதாரண கட்டைகளை நம்பிச் சும்மா வைத்திருந்தால் சில மாதங்களில் தானாகவே இறங்கிவிடும். புரட்டாசியில் புதுக் கட்டை வாங்கி வையுங்கள், போன வருஷக் கட்டையைச் சுவர்க் கடிகாரத்துக்கும் டார்ச்சுக்கும் கொடுத்துவிடுங்கள். இரண்டு பெரிய கட்டை போடும் சாதாரண செட், சத்தத்தைக் குறைத்து வைத்தால் நூறு மணி நேரம்வரை தாங்கும். நாளெல்லாம் போட்டு வைக்க வேண்டியதில்லை. செய்தி நேரத்துக்குப் போட்டு அணைத்தால் மழை முடியும் மட்டும் வரும்.

கைப்பிடி சுற்றும் செட்டில் உள்ளே ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. ஒரு வருஷம் சார்ஜ் இல்லாமல் பரணில் கிடந்தால் அது செத்துவிடும். பிறகு எவ்வளவு சுற்றினாலும் சார்ஜ் நிற்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுதாக ஏற்றிவிட வேண்டும். நல்ல பேட்டரியிலும் ஒரு நிமிடச் சுற்றுக்குச் சில நிமிடப் பேச்சுதான் கிடைக்கும். மேலே ஒட்டியிருக்கும் சோலார் தகட்டை நம்ப வேண்டாம். மேகம் மூடிய நாளில் அது தரும் மின்சாரம் ஒன்றுக்கும் காணாது. சார்ஜ் ஏறட்டும் என்று செட்டைச் சித்திரை வெயிலில் வைத்தால் பேட்டரிதான் கெடும்.

ரேடியோ எழுப்பும் என்று தூங்கிவிடுவது

இதுதான் உயிருக்கு ஆபத்தான தவறு. நம் ரேடியோ தானாக விழிக்காது. வழக்கமான நாட்களில் நள்ளிரவு முதல் விடியும் முன்புவரை உள்ளூர் ஒலிபரப்பும் இருக்காது. இரவில் எழுப்பும் வேலையைப் போனுக்குக் கொடுங்கள்; போன் ஓய்ந்தபின் செய்தி சொல்லும் வேலை ரேடியோவுக்கு. இரண்டும் வேண்டும்.

அரசு இப்போது கோபுரம் வழியாகவே அந்தப் பகுதிப் போன்களுக்கெல்லாம் அபாய அறிவிப்பு அனுப்பும் முறையைச் சோதித்துக் கொண்டுவந்திருக்கிறது. போன் அமைப்புகளில் அவசரகால எச்சரிக்கை என்று தேடி, எல்லா வகையும் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 சோதனையின்போது எழுந்த சத்தத்துக்குப் பயந்து அணைத்துப்போட்டவர்கள் பலர். மழைக்கால இரவில் ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டுத் தூங்குவதும் கூடாது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் செயலியும் தமிழ்நாடு அரசின் டிஎன்-அலர்ட் செயலியும் இருந்தால் நல்லது. பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்கள் தனியாக இருக்கிற வீட்டுக்கு, யார் போய்க் கதவைத் தட்டுவது என்று அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

கேட்டதைத் தப்பாகப் புரிந்துகொள்வது

கனமழை, மிக கனமழை, அதிகனமழை என்று அறிவிப்பாளர் சொல்வது அழுத்தத்துக்காக அல்ல. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதிகனமழை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும், ஆரஞ்சு என்றால் தயாராக இருக்க வேண்டும், சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்க வேண்டும். செ.மீ.யையும் மி.மீ.யையும் குழப்பிக்கொள்வோர் நிறைய, 200 மி.மீ. என்பது 20 செ.மீ. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் அவ்வளவு பெய்தால் சுமார் 18,600 லிட்டர் தண்ணீர்.

அடுத்தது, தன் மாவட்டத்தின் பெயரை மட்டும் கேட்பது. தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகிவிட்டது. கடையம், ஆலங்குளம் பக்கத்தார் பழைய நினைப்பில் திருநெல்வேலிக்கு என்ன சொல்கிறார்கள் என்று காது கொடுத்தால் தங்கள் எச்சரிக்கையைத் தவறவிடுவார்கள். ஆற்றுக்கோ மாவட்ட எல்லை கிடையாது. சிவசைலத்துப் பக்கம் கடனாநதி அணை தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. அந்த ஆறு திருப்புடைமருதூரில் தாமிரபரணியோடு சேர்கிறது. சிற்றாறு குற்றால மலையிலிருந்து இறங்கிச் சீவலப்பேரியில் சேர்கிறது. சேரன்மகாதேவிக்காரர் தென்காசியையும், ஸ்ரீவைகுண்டத்துக்காரர் தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி மூன்று மாவட்டங்களையும் கேட்க வேண்டும்.

உங்கள் ஊரில் வெயில் அடிப்பதை வைத்து ரேடியோவை அணைத்துவிடாதீர்கள். மலைமேல் மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து ஆகிய ஊர்களில் கொட்டுகிற மழை மணிமுத்தாறு வழியாக ஆற்றுக்கு வந்து சேர நேரம் எடுக்கும். மேட்டில் மழை ஓய்ந்து வானம் வெளுத்த பிறகும் திருநெல்வேலி குறுக்குத்துறையில் வெள்ளம் ஏறும்.

அணைச் செய்தியில் நீர்மட்டத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போகக் கூடாது. பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். அணை பாதி காலியாக இருந்தால் வருகிற வெள்ளத்தைக் கொஞ்சம் பிடித்துவைக்கும். விளிம்பை எட்டிவிட்டாலோ மலையிலிருந்து வருவதெல்லாம் அப்படியே ஆற்றில் இறங்கும். 140 அடியைத் தாண்டிய பாபநாசத்தில் நீர்வரத்து வெளியேற்றத்தைவிட அதிகம் என்று கேட்டால், அடுத்த அறிவிப்புக்குக் காத்திராமல் ஆற்றங்கரை வீட்டுச் சாமானை மச்சுக்கு ஏற்றத் தொடங்கலாம். 

ரேடியோ சொல்லாதது ஒன்று உண்டு: உங்கள் ஊர்க் குளம். மேலே இருக்கிற குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் கீழ்க்குளத்துக்கு வரும். ஒன்று உடைந்தால் அடுத்தடுத்ததும் உடையலாம். அந்தச் செய்தியை மடை பார்க்கிறவரிடமிருந்துதான் வாங்க முடியும். அவர் போன் எண்ணையும், மேல் ஊரில் ஒருவர் எண்ணையும் ரேடியோவின் முதுகில் எழுதி ஒட்டுங்கள். அதோடு 1197, உங்கள் வீட்டில் தெளிவாகக் கேட்கும் எஃப்எம் எண், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. ஜெல் பேனா ஈரத்தில் கரைந்துவிடும். பென்சிலால் எழுதி, மேலே அகலமான செல்லோ டேப் ஒட்டுங்கள்.